நிருகனின் பசுவும் ஒரு பழைய டிராக்டரும்

பசுவுக்குப் பழைய தொழுவம் எளிதில் மறக்காது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் பழகிய வாசலில்தான் போய் நிற்கும்; மாடு வாங்கி விற்றவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். இந்தச் சின்ன விஷயத்தால் ஓர் அரசன் ஓணானாகிப் பாழுங்கிணற்றில் நெடுங்காலம் கிடந்தான் என்கிறது பாகவதம்.

அரசன் பெயர் நிருகன். இட்சுவாகுவின் மகன். கொம்புக்குப் பொன்னும் குளம்புக்கு வெள்ளியும் பூட்டிக் கணக்கில்லாத பசுக்களைத் தானம் செய்தவன். அப்படிக் கொடுத்த பசு ஒன்று திரும்பி வந்து அரண்மனை மந்தையோடு கலந்துவிட்டது. நிருகன் அதைக் கவனிக்கவில்லை. அதே பசுவை இன்னோர் அந்தணருக்குத் தாரை வார்த்துவிட்டான். அவர் ஓட்டிக்கொண்டு போகும்போது முதல் அந்தணர் பார்த்துவிட்டார். "இது என் மாடு." "இல்லை, எனக்கு அரசன் கொடுத்தது." இருவரும் அரண்மனைக்கு வந்தார்கள். நிருகன் பதறிப்போய், இந்த ஒன்றை விட்டுக்கொடுத்தால் ஒரு லட்சம் பசு தருகிறேன் என்று இருவரிடமும் தனித்தனியே கெஞ்சினான். இருவருமே வேண்டாமென்று போய்விட்டார்கள்.

அவன் இறந்தபின் யமன் ஒரு கேள்வி கேட்டான்: முதலில் எதை அனுபவிக்கிறாய், பாவத்தையா புண்ணியத்தையா? பாவத்தை என்றான் நிருகன். மறுகணம் ஓணான். துவாரகைப் பிள்ளைகள் தாகத்துக்குத் தண்ணீர் தேடி அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்து, கயிறு கட்டி இழுத்தும் தூக்க முடியாமல், கண்ணனைக் கூட்டிவந்த பிறகே அவனுக்கு விடுதலை.

இந்தக் கதையில் திருடன் இல்லை. கொடுத்தவன் மனமறிந்து தப்புச் செய்யவில்லை. முதலில் பெற்றவர் தன் பொருளைத்தான் கேட்டார். இரண்டாவது பெற்றவரும் முறையாகத்தான் பெற்றார். ஆனாலும் ஒரு பொருளுக்கு இரண்டு பேர் உடையவர்களாகிவிட்டார்கள். அறநூல்களைத் தொல்லைப்படுத்துவது திருடன் அல்ல. அவனுக்கு என்ன செய்வதென்று எல்லா மதங்களுக்கும் தெரியும். நல்லவர்கள் இரண்டு பேர் ஒரே பொருளின் இரு பக்கமும் நின்றால் என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

பசு நின்ற இடத்தில் இன்று டிராக்டர் நிற்கிறது. ஆயுத பூஜையன்று அதற்கும் சந்தனம் குங்குமம் உண்டு, மாலை உண்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் உண்டு. புது வண்டியின் விலை கட்டுப்படியாகாதவர்கள் கை மாறிய வண்டியைத் தேடுகிறார்கள். அந்தக் கை மாறுதலில்தான் நிருகன் கதை திரும்பத் திரும்ப நடக்கிறது.

ஒரு வழக்கை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஒருவர் வங்கிக் கடனில் டிராக்டர் வாங்குகிறார். ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயர். கூடவே கடன் கொடுத்த வங்கியின் பெயரும் ஹெச்.பி. என்று ஏறியிருக்கும். டியூ கட்ட முடியாமல், மிச்சத் தவணையை நீயே கட்டிக்கொள் என்று வண்டியைப் பக்கத்து ஊர்க்காரருக்கு ஓட்டக் கொடுக்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிறார். பக்கத்து ஊர்க்காரர் ஒரு தரகர் மூலம் மூன்றாவது ஆளுக்கு விற்றுவிட்டுத் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போய்விடுகிறார். ஒருநாள் முதல் ஆள் வந்து நிற்கிறார்.

"தம்பி, இது என் வண்டி. நான் விக்கவே இல்லை, ஓட்டிக்கச் சொல்லித்தான் கொடுத்தேன்."

"அண்ணே, நான் எண்ணிக் காசு கொடுத்து வாங்கினது. நீங்க கையெழுத்துப் போட்ட ஃபாரம் எங்கிட்ட இருக்கு."

இரண்டும் உண்மை. அதுதான் கஷ்டம்.

உடைமையை எதைக் கொண்டு நிறுவுவது என்ற கேள்விக்குத் தமிழில் மிகப் புகழ்பெற்ற வழக்கு திருவெண்ணெய்நல்லூரில் நடந்தது. வழக்குக்குரிய பொருள் ஒரு மனிதன். புத்தூரில் சுந்தரர் மணக்கோலத்தில் இருக்கும்போது கிழ வேதியர் ஒருவர் வந்து, இவன் பாட்டன் எனக்கு எழுதிக் கொடுத்த அடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழவர் அசரவில்லை, கிழிந்தது படியோலை, மூல ஓலை ஊரில் இருக்கிறது என்கிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபை கூடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார் இந்த இடத்தில் நீதிமன்ற நடைமுறையை நன்றாகத் தெரிந்தவராகத் தென்படுகிறார். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்று சான்றுகளும் பேசப்படுகின்றன. பாட்டன் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவந்து கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எழுத்து ஒத்துப்போகிறது. சுந்தரர் தோற்றார். வந்தவர் இறைவன் என்பது பிறகுதான் தெரிகிறது. அது தெரியாமலே, காகிதத்தை மட்டும் பார்த்துச் சபை சரியான தீர்ப்பைச் சொல்லிவிட்டது என்பதில் சேக்கிழாருக்கு ஓர் ஊர்ப்பெருமை இருந்திருக்க வேண்டும்.

ஸ்மிருதியாசிரியர் யாக்ஞவல்கியரும் இதே மூன்றைத்தான் சொல்கிறார்: எழுத்து, அனுபோகம், சாட்சி. நம் டிராக்டருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் மூன்றும் மூன்று திசையில் இழுக்கின்றன. அனுபோகம் வாங்கியவரிடம், வண்டி அவர் கொட்டகையில் நிற்கிறது. ஆவணம் முதல் ஆள் பெயரில். சாட்சியான தரகரின் போன் எடுக்கப்படுவதில்லை.

ஆவணமே உடைமை ஆகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. அசையும் பொருளின் விற்பனை 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின்கீழ் நடப்பது. பேசி, பணம் கொடுத்து, பொருளை ஒப்படைத்தால் உடைமை மாறிவிடலாம். ஆர்.சி. வலுவான சான்று, அவ்வளவே. ஆனால் அதே வண்டி யார்மேலாவது மோதினால் கதை வேறு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி விற்றவர் உள்மாநிலத்தில் என்றால் 14 நாளுக்குள் தகவல் தர வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். யாரும் செய்வதில்லை. பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பான உடையவர் என்று சொல்லிவிட்டது. அதாவது உழும்போது ஒருவர் உடையவர், மோதும்போது வேறொருவர். உடைமை என்பது பொருளுக்குள் இருக்கும் ஒரு குணம் அல்ல, கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது என்று தத்துவ வகுப்பில் சொன்னால் மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்பவர்களுக்கு அது உடனே புரியும்.

ஆட்சிக்கும் இந்தக் காலத்தில் புது வில்லங்கம் வந்திருக்கிறது. 2022இல் உக்ரைனின் மெலிட்டோபோல் நகரில் ரஷ்யப் படையினர் ஒரு ஜான் டியர் விற்பனையகத்திலிருந்து 27 பண்ணை இயந்திரங்களைக் கொள்ளையடித்துச் செச்னியா வரை கொண்டுபோனதாகச் செய்தி வந்தது. கொண்டுபோய் என்ன? தொலைவிலிருந்தே அவற்றைப் பூட்டிவிட்டார்கள், கிளப்ப முடியவில்லை. படித்தவர்கள் கைதட்டினார்கள். ஆனால் திருடனைத் தடுத்த அதே பூட்டு காசு கொடுத்து வாங்கிய விவசாயியின் இயந்திரத்திலும் இருக்கிறது. வண்டி உங்களுடையது, உள்ளே ஓடும் மென்பொருளைப் பயன்படுத்தத்தான் உங்களுக்கு அனுமதி என்ற பொருள்பட அந்த நிறுவனம் 2015இலேயே அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் வாதாடியிருந்தது. கொட்டகையில் நிறுத்திவைத்திருப்பதே ஆட்சி என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது.

நிருகன் கதைக்குத் திரும்பலாம். அது மகாபாரதத்திலும் உண்டு, ராமாயணத்தின் உத்தர காண்டத்திலும் உண்டு. ஒவ்வொன்றிலும் அழுத்தம் வேறு. உத்தர காண்டத்தில், ஓர் ஏழை அந்தணரின் பசு கன்றோடு தான மந்தையில் கலந்துவிடுகிறது. அவர் ஆண்டுக்கணக்கில் நாடு நாடாகத் தேடி, கடைசியில் கனகலம் என்ற ஊரில் வேறொருவர் வீட்டில் அதைக் காண்கிறார். சாட்சி கேட்கவில்லை, ஓலை கேட்கவில்லை. "சபலே, வா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பசு குரலை அடையாளம் கண்டு அவர் பின்னால் நடந்தது. உலக இலக்கியத்தில் இதைவிட அழகான உரிமைச் சான்று இருக்குமா என்பது சந்தேகம்.

டிராக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராது. அதற்குச் சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும்தான் பெயர். 20 வருட வண்டியில் என்ஜின் மாறியிருக்கும், கியர் பெட்டி வேறு வண்டியினுடையதாக இருக்கும், டயர் எத்தனையாவது ஜோடி என்று உடையவருக்கே நினைவிருக்காது. சில வண்டிகளில் சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் துருவும் வெல்டிங் தழும்பும்தான் மிச்சம். அப்படியானால் எது அந்த டிராக்டர்?

கிரேக்க அரசன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டது கிட்டத்தட்ட இதுதான். தேரில் வந்தீர்களே, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? ஒவ்வொன்றுக்கும் அரசன் இல்லை என்கிறான். எல்லாம் சேர்ந்த நிலைக்கு வழக்கில் வைத்த பெயரே தேர் என்று முடிகிறது அந்த உரையாடல். அப்படியானால் உடைமையும் வெறும் பெயர்தானே, எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கும் குறும்புக்காரனை நாகசேனர் முன்கூட்டியே பார்த்துவிட்டார். அந்த உரையாடல் வரும் மிலிந்த பஞ்ஹா நூலிலேயே மாங்காய்த் திருடன் ஒருவன் வருகிறான். நான் பறித்த பழங்கள் இவன் நட்டவை அல்ல, இவன் நட்டது வேறு கொட்டை என்பது அவன் வாதம். நட்டதிலிருந்துதானே பறித்தது வந்தது, எனவே அவன் தண்டனைக்கு உரியவன் என்கிறார்கள். பொருள் மாறிக்கொண்டே இருக்கலாம், தொடர்ச்சி அறுவதில்லை. என்ஜின் மாற்றினால் பதிவேட்டிலும் மாற்றிக்கொள் என்று அரசு சொல்வதும் அந்தத் தொடர்ச்சியை இழையறாமல் வைத்துக்கொள்ளத்தான்.

பதிவேடாவது டிராக்டருக்கு உண்டு. நிலத்துக்கு வில்லங்கச் சான்று உண்டு. ரொட்டவேட்டருக்கு என்ன உண்டு? ஒன்பது கொத்துக் கலப்பைக்கு? கேஜ் வீலுக்கு? வாங்கிய அன்று கொடுத்த பில் இரண்டாவது மழையில் நனைந்திருக்கும். பெயர்ப்பலகை தேய்ந்திருக்கும். இரவல் போய், இரவல் வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுத்து, நான்காவது வருடம் ஏதோ ஒரு களத்தில் அதைப் பார்த்து, "இது நம்ம கலப்பையாச்சே" என்று நிற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பாபிலோனில் ஹமுராபி கலப்பைத் திருட்டுக்குத் தனி விதி வைத்திருந்தான்: ஒருவகை உழுகருவிக்கு 5 ஷெக்கல் வெள்ளி, இன்னொரு வகைக்கு 3. கிறிஸ்துவுக்கு முன் 18ஆம் நூற்றாண்டிலேயே கழனியில் விட்டுவந்த கருவி காலையில் காணாமல் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

எழுத்தில்லாத இத்தகைய வழக்குகள் கடைசியில் கோயில் வாசலுக்குப் போகும். கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய் என்பார்கள். பொய்ச் சத்தியத்துக்குப் பயப்படுபவன் இருக்கும்வரை இது நல்ல முறைதான். யூதர்களின் தால்முதில் பாவா மெட்சியா என்ற பகுதி இப்படியொரு சத்தியத்தோடுதான் தொடங்குகிறது. ஒரு போர்வையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். இருவரும் முழுவதும் தன்னுடையது என்கிறார்கள். பாதிப் பாதி பங்கிட வேண்டும். ஆனால் அதற்குமுன் ஒவ்வொருவரும், இதில் என் பங்கு பாதிக்குக் குறைவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். முழுவதும் என்னுடையது என்று சத்தியம் செய்துவிட்டுப் பாதியை வாங்கிக்கொண்டு போனால் அவன் வாக்கு அப்பட்டமாகப் பொய்த்துவிடும் அல்லவா? பங்கு பிரிப்பதற்கு முன்பே நாக்கைக் காப்பாற்றிவிடும் நுணுக்கம் அது.

போர்வையைக் கிழிக்கலாம், டிராக்டரைக் கிழிக்க முடியாது. மனுவும் இதை யோசித்திருக்கிறார்: பாகப்பிரிவினையில் ஆடோ செம்மறியோ ஒன்று மிஞ்சினால் அதை வெட்டிப் பங்கிடாதே, மூத்தவனுக்குக் கொடு என்கிறார். தம்பிகள் அதை எப்படி ஏற்றார்கள் என்று அவர் எழுதவில்லை.

ஆக, பொருள் ஒருவரிடம்தான் போகும். மற்றவர் நட்டப்படுவார். 'யாருடையது' என்ற கேள்வியைத் தோண்டினால் அடியில் கிடப்பது 'நட்டம் யாருக்கு' என்பதுதான். இங்கேதான் உலகத்து அறநூல்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

மனு வரிசைப்படுத்தும் 18 வகை வழக்குகளில் மூன்றாவது, உடையவன் அல்லாதவன் செய்த விற்பனை. நாலு பேர் பார்க்கச் சந்தையில் வாங்கியவனைத் தண்டிக்காதே, விற்றவன் அகப்படாவிட்டாலும் அவனை விட்டுவிடு. ஆனால் பொருள் உடையவனுக்கே போக வேண்டும் என்கிறார். வாங்கியவனுக்கு மானம் மிஞ்சும், பணம் மிஞ்சாது. நம் 1930ஆம் ஆண்டுச் சட்டமும் அடிப்படையில் இதுவே: தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் பிறனுக்குத் தர முடியாது. விற்றவனைத் தேடிப் பிடித்துப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள் என்று வாங்கியவனுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. கதவுக்கு அப்பால் விற்றவன் இருக்க மாட்டான் என்பது வேறு விஷயம். ஹமுராபி இதில் கொஞ்சம் இரக்கமுள்ளவன். விற்றவன் செத்துப்போயிருந்தால் அவன் சொத்திலிருந்து பல மடங்காக வாங்கிக்கொள்ள விட்டான், சாட்சி தூரத்தில் இருந்தால் கூட்டிவர 6 மாதத் தவணையும் கொடுத்தான்.

ஆங்கிலேயர்கள் தம் ஊரில் நேர்மாறாக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வெளிப்படையான சந்தையில் சூரியன் உதித்த பிறகு, மறைவதற்குள், நல்லெண்ணத்தோடு ஒருவன் வாங்கினால் அது திருட்டுப் பொருளாக இருந்தாலும் அவனுக்கே சொந்தம். 1994இல்தான் இதை ஒழித்தார்கள். பிரெஞ்சுச் சட்டம் நடுவழி: தொலைத்தவனுக்கு 3 வருட அவகாசம் உண்டு, ஆனால் சந்தையில் வாங்கியவனிடமிருந்து மீட்க வேண்டுமானால் அவன் கொடுத்த விலையைக் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். யூத ரபிகள் இதையே பல நூற்றாண்டு முன்னதாகச் 'சந்தை ஒழுங்கு' என்ற பெயரில் செய்து வைத்திருந்தார்கள். உடையவன் பொருளை எடுத்துக்கொள்ளலாம்; வாங்கியவன் பணத்தை உடையவனே கொடுத்துவிட்டுத் திருடனிடம் வசூல் செய்துகொள்ளட்டும். இல்லாவிட்டால் பயத்தில் ஒருவரும் சந்தைக்கு வர மாட்டார்கள். ஊரறிந்த திருடனிடம் வாங்கியவனுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

இவை எல்லாவற்றிலும் மனிதர்களை அருகிலிருந்து பார்த்து எழுதியது போலத் தோன்றுவது பிருகஸ்பதியின் விதி. அவருடைய ஸ்மிருதி முழு நூலாகக் கிடைக்கவில்லை. பிற்கால நூல்கள் எடுத்தாண்ட துண்டுகளாகத்தான் கிடைக்கிறது. வணிகர் கூட்டத்தின் முன், அரசு ஆட்கள் அறிய வாங்கியிருந்து, விற்றவன் இருப்பிடம் தெரியாமல் போனால், உடையவன் பாதி விலையைக் கொடுத்துப் பொருளை மீட்டுக்கொள்ளட்டும் என்கிறார். மற்றப் பாதி வாங்கியவனுக்கு நட்டம். அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் முக்கியம். முன்பின் தெரியாதவனிடம் வாங்கியது வாங்கியவன் செய்த பிழை. தன் பொருளைச் சரியாகக் காத்துக்கொள்ளாதது உடையவன் செய்த பிழை. இருவருக்குமே நட்டப்பட நியாயம் இருக்கிறது.

நம் டிராக்டருக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பைத் தேடினால் கிடைக்காது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது முதல் ஆளின் பிழை. ஹெச்.பி. நீங்கியதா என்று பார்க்காமல், ஆர்.சி.யில் உள்ளவரை ஒருதடவை நேரில் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தது வாங்கியவரின் பிழை. ஊர்ப்பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிக்கும் பல சமரசங்கள் பிருகஸ்பதியின் பெயரே தெரியாமல் பாதிப் பாதியில்தான் போய் முடிகின்றன. நீதிமன்றத்தால் அதை எளிதில் செய்ய முடியாது. அங்கே ஒருவர் ஜெயித்தாக வேண்டும்.

பிழை என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். தெரியாமல் செய்தது பிழையா? பௌத்த பிக்குகளின் வினய விதியில் திருட்டு நிகழ, பொருள் பிறனுடையது என்ற அறிவும் எடுக்கும் எண்ணமும் வேண்டும்; தன்னுடையது என்று நினைத்து எடுத்தவன் குற்றவாளி அல்ல. அந்த அளவுகோலில் நிருகன் அன்றே விடுதலை. சமணர் கொஞ்சம் கடுமை. இல்லறத்தாரின் கள்ளாமை விரதத்துக்கு ஐந்து ஊறுகள் உண்டு என்று தத்துவார்த்த சூத்திரம் சொல்கிறது; திருட்டுப் பொருளை வாங்கிக்கொள்வது அவற்றில் ஒன்று, அரசு விதியை மீறுவது இன்னொன்று. பாகவதம் எல்லாரையும்விடக் கடுமை: எண்ணம் எப்படியிருந்தாலும் செயல் ஒட்டிக்கொள்ளும்.

மனமறிந்து செய்யாததற்கு ஓணான் பிறவி அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் 'தெரியாது' என்பதற்குள் பல தெரியாதுகள் உண்டு. சந்தையில் 5 லட்சம் போகும் வண்டி 3 லட்சத்துக்குக் கிடைக்கும்போது, காகிதமெல்லாம் அடுத்த வாரம் வந்துவிடும் என்று தரகர் சொல்லும்போது, கேட்காமல் இருப்பது ஒருவகைக் கெட்டிக்காரத்தனம். அந்த அறியாமை விலைக்கு வாங்கப்பட்டது. தள்ளுபடி 2 லட்சம்.

விலை என்ன சொல்லும் என்பதைப் பற்றி ரபிகள் ஒரு தகராறே நடத்தியிருக்கிறார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், நுகத்தடியை விற்றவன் எருதுகளை விற்றவன் ஆகமாட்டான், வண்டியை விற்றவன் இழுக்கும் கோவேறு கழுதைகளை விற்றவன் ஆகமாட்டான் என்று விதி. ரபி யூதா மறுக்கிறார். ஒருவன் 200 சூஸ் கொடுத்து நுகத்தடி வாங்கினான் என்றால், நுகத்தடிக்கு யாராவது 200 கொடுப்பார்களா? விலையே எருதும் சேர்த்துத்தான் என்று காட்டவில்லையா? மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, விலை சாட்சி ஆகாது என்றுவிட்டார்கள். டிராக்டரோடு கலப்பையும் சேர்த்தா, டிரெய்லர் தனியா என்று களத்துமேட்டில் மல்லுக்கட்டுபவர்களுக்கு இந்த வாதம் அன்னியமாகத் தோன்றாது.

அண்ணன் தம்பி வழக்குகளைத் தனியாகவே எழுத வேண்டும். கூட்டாக வாங்கிய வண்டி, அண்ணன் பொறுப்பில் நிற்கிறது, தம்பியைக் கேட்காமல் விற்றுவிடுகிறார். 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு இங்கே வாங்கியவன் பக்கம்: மற்றக் கூட்டாளிகள் சம்மதத்தோடு ஒருவர் கையில் பொருள் தனியாக இருந்து, வாங்கியவன் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால் பொருள் அவனுக்கே. நம்பி விட்டவன் தன் நம்பிக்கையின் விலையைத் தானே கொடுக்கட்டும் என்பது அதன் உட்கருத்து. தம்பி அண்ணனோடு தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெரும்பாலும் தீர்வதில்லை; அடுத்த பொங்கலுக்குப் பேச்சுவார்த்தை நின்றிருக்கும்.

பிழைப்புக்கான கருவிக்கு மட்டும் அறநூல்களில் ஒரு தனி இடம் எப்போதும் இருந்திருக்கிறது. மாவரைக்கும் எந்திரக்கல்லை அடகாக வாங்காதே, அது ஒருவன் உயிரை அடகு வாங்குவது என்கிறது பழைய ஏற்பாட்டின் உபாகமம். நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவும், கடன் தீர்ப்பை நிறைவேற்ற விவசாயியின் உழவுக் கருவிகளையும் தேவையான மாடுகளையும் விதைநெல்லையும் ஜப்தி செய்யக்கூடாது என்கிறது. வண்டியையே ஈடு காட்டி வாங்கிய கடனுக்கு இந்தக் காப்பு உதவாது. அதனால்தான் சீசிங் ஆட்கள் வருகிறார்கள். அடியாட்களை வைத்து வண்டி பிடுங்கும் வழக்கத்தை 2007இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. கண்டித்த பிறகும் விடியற்காலையில் காலிக் கொட்டகையைப் பார்த்து அதிர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

வழக்கு காவல் நிலையத்துக்குப் போனால் வண்டியும் போகும். எந்தக் காவல் நிலையத்தின் பின்பக்கமும் போய்ப் பார்க்கலாம்: வேப்பங்கன்று முளைத்த இருக்கை, காற்றிறங்கிய டயர், பேட்டரி இல்லாத பெட்டி. 2002இல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டு மனம் நொந்துதான், பிடித்த வண்டிகளை நெடுநாள் நிறுத்தாமல், புகைப்படம் எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் இடைக்காலமாக ஒப்படைக்கச் சொன்னது. உரியவர் யார் என்பதே வழக்கு என்னும்போது அந்த இடைக்காலமும் நீண்டுவிடுகிறது. இதற்குள் ஒரு பட்டம் போய்விடும். மண்ணின் ஈரம் வாய்தாவுக்குக் காத்திருக்காது.

குர்ஆன் சுட்டும் ஒரு வழக்கில் இதற்கான விடை கிட்டத்தட்ட இருக்கிறது. இரவில் ஆடுகள் புகுந்து ஒருவன் விளைச்சலை மேய்ந்துவிட்டன. ஆடுகளை நிலக்காரனுக்கே கொடுத்துவிடச் சொன்னார் தாவூது நபி. மகன் சுலைமான் வேறு வழி சொன்னதாக உரையாசிரியர்கள் விரிக்கிறார்கள். ஆடுகள் நிலக்காரனிடம் இருக்கட்டும், பாலும் கம்பளியும் அவனுக்கு. நிலத்தை ஆட்டுக்காரன் உழுது பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். வந்ததும் அவரவர் பொருள் அவரவருக்கு. உடைமையைத் தொடாமல் பயனை மட்டும் மாற்றிக் கொடுத்தார். வண்டியை நிறுத்திவைக்காமல் ஓட்டவிட்டு, உழவுக் கூலியைக் கணக்கில் வைத்துப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் யாராவது ஒரு பெரியவர் சொன்னால் அவர் சுலைமான் பக்கம்.

மகாபாரத நிருகனிடம் இரண்டு அந்தணர்களும் ஈடாகத் தந்த பசுக்களை மறுத்ததற்குக் காரணம் சொல்கிறார்கள். பசுவை வைத்திருந்தவர், தாய்ப்பால் மறந்த என் மெலிந்த பிள்ளை இதன் பாலில்தான் பிழைக்கிறான், தர முடியாது என்கிறார். இழந்தவர், அரசரிடம் தானம் வாங்குவது எனக்கு வழக்கமில்லை, என் பசுவை மட்டும் கொடு என்கிறார். ஒருவருக்குத் தேவை, ஒருவருக்கு மானம். இரண்டுக்கும் எத்தனை பசுவும் ஈடாகவில்லை.

உத்தர காண்டத்தில் இருவரும் நியாயம் கேட்டு அரண்மனை வாசலில் பல நாள் காத்துக் கிடந்தார்கள். நிருகன் பார்க்கவே இல்லை. சாபம் விழுந்தது அதற்காக. நாலு நாளாகக் குடிகளின் குறை கேட்காமல் விட்டதை நினைத்து வருந்தும் ராமன்தான் இந்தக் கதையை லட்சுமணனுக்குச் சொல்கிறான். சாபம் தெரிந்ததும் நிருகன் மகனுக்கு முடிசூட்டிவிட்டு, கைவினைஞர்களை அழைத்து மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று தனக்கு மூன்று குழிகள் வசதியாகத் தோண்டிக்கொண்டான். சுற்றிலும் பழ மரங்களும் பூங்கொடிகளும் வைக்கச் சொன்னான். சபித்த இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, அந்தப் பசுவைச் சேர்ந்தே மூன்றாவது ஒருவருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குள் சபலை கிழடாகி நடை தளர்ந்திருந்தது.